பேய்க்குக் கிடைத்த உயிர் நரிக்குக் கிடைக்கவில்லை: ஜூலி ககாவாவின் 'சோல் ஆஃப் தி ஸ்வோர்ட்'

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'சோல் ஆஃப் தி ஸ்வோர்ட்' எனக்குப் பாதி ரொம்பப் பிடித்தது, மீதிப் பாதி மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மோசமான புத்தகமாக இருந்திருந்தால் மூடி வைத்துவிட்டு வேறு எதையாவது எடுத்திருப்பேன், இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஜப்பானிய நாட்டார் கதைகளை வைத்து இளையோருக்காக ஆங்கிலத்தில் எழுதப்படும் ஃபேண்டஸிகளில் இந்தத் தொடரின் முதல் பாகம் எனக்கு நெருக்கமான ஒன்று. அதனால்தான் இரண்டாம் பாகம் எங்கே உயர்ந்தது, எங்கே கைநழுவியது என்று கொஞ்சம் விரிவாகப் பேசத் தோன்றுகிறது.

இது மூன்று பாகத் தொடர். முதல் பாகம் 'ஷேடோ ஆஃப் தி ஃபாக்ஸ்' 2018-இல் வந்தது. இது 2019. கடைசிப் பாகம் 'நைட் ஆஃப் தி டிராகன்' 2020. இனி வருவதில் முதல் பாகத்தின் முடிவு தெரிந்துவிடும், அதைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாம் பாகத்தின் முடிவை நான் சொல்லப் போவதில்லை.

கதை நடப்பது இவாகோட்டோ என்ற கற்பனை நாட்டில். ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மந்திரச் சுருளை வைத்து மாபெரும் டிராகனை அழைக்கலாம், அழைத்தவருக்கு ஒரே ஒரு வரம் கிடைக்கும். அப்படி ஒரு வரம் தவறான கைக்குப் போய் நாடே நாசமானதால் சுருளைத் துண்டுகளாக்கி ஒளித்து வைத்திருக்கிறார்கள். மடத்தில் துறவிகளிடம் வளர்ந்த யுமெகோ பாதி மனுஷி, பாதி கிட்சுனே, அதாவது உருமாறும் நரி. ஒரு துண்டு அவள் கையில் இருக்கிறது. அதை இரும்புச் சிறகுக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நிழல் குலத்தைச் சேர்ந்த தட்சுமி அதே சுருளைத் தேடி அலைபவன். அவனிடம் கமிகோரோஷி என்ற சாபம் பிடித்த வாள் இருக்கிறது, அந்த வாளுக்குள் ஹகாய்மோனோ என்ற ஓனி, அதாவது ஒரு அரக்கப் பேய், நூற்றாண்டுகளாக அடைபட்டுக் கிடக்கிறது. முதல் பாகம் முடியும்போது அந்த ஓனி வெளியே வந்து தட்சுமியின் உடம்பையே எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் பாகம் அங்கிருந்து தொடங்குகிறது.

இனி எனக்குப் பிடித்த பாதி.

முதல் பாகத்தில் அத்தியாயங்களை யுமெகோவும் தட்சுமியும் மாறி மாறி 'நான்' என்று சொல்லிக்கொண்டு போவார்கள். இதில் தட்சுமியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு 'நான்' என்று பேசுவது ஹகாய்மோனோ. இந்த ஒரு முடிவுக்காகவே ககாவாவைப் பாராட்டலாம். தட்சுமி உணர்ச்சியே இல்லாமல் வளர்க்கப்பட்டவன். கோபம், பயம், பாசம் என்று எது தலைதூக்கினாலும் அந்த இடைவெளி வழியாக வாளில் இருக்கும் பேய் உள்ளே நுழைந்துவிடும் என்பதால் அடித்துப் பழக்கியே மனசை மரக்கச் செய்திருக்கிறார்கள். அதனால் அவன் சொன்ன அத்தியாயங்களில் வாக்கியங்களும் அளந்து வைத்த மாதிரி இருக்கும். ஹகாய்மோனோ வந்ததும் மொழியே மாறிவிடுகிறது. அவனுக்குக் கோபம் உண்டு, நையாண்டி உண்டு, பழைய பகைகளைப் பற்றிய துல்லியமான ஞாபகம் உண்டு, காற்றும் வெயிலும் மேலே படுவதில் அப்பட்டமான சந்தோஷம் உண்டு. இவ்வளவு காலம் இரும்புக்குள் அடைந்து கிடந்தவனுக்கு இருக்கவேண்டிய பசி அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது, தட்சுமி உள்ளே இன்னும் இருக்கிறான் என்பது. முதல் பாகத்தில் பேய் அவன் காதுக்குள் முணுமுணுத்தது. இப்போது அவனே தன் உடம்புக்குள் கைதியாகக் கிடந்து, தன் கைகள் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஹகாய்மோனோ அவனோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகிறான். சீண்டுகிறான், யுமெகோவைப் பற்றிக் குத்திக் காட்டுகிறான், சில இடங்களில் நாம் எதிர்பார்க்காத ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறான். நிழல் குலம் அந்தப் பையனை ஆயுதமாகத்தான் வளர்த்தது என்பதைத் தட்சுமியால் நேராகச் சொல்லிக்கொள்ள முடியாது, பேயால் முடியும்.

ஜப்பானியக் கதைகளில் ஓனிக்கு இப்படி ஒரு பரம்பரை உண்டு. கொம்பும் புலித்தோலும் இரும்புத் தடியுமாக வரும் இந்த அரக்கர்களை விரட்ட பிப்ரவரியில் செட்சுபுன் நாளன்று வறுத்த சோயாக் கொட்டைகளை வீசுவார்கள், 'ஓனி வெளியே போ' என்று கத்திக்கொண்டே. குழந்தைகளுக்கு அது விளையாட்டு. ஆனால் பெரியவர்களுக்கான கதைகளில் ஓனி அவ்வளவு எளிதாக முடிந்துபோவதில்லை. ஓயே மலையில் இருந்த ஷுட்டென் டோஜி என்ற ஓனித் தலைவனை மினாமோட்டோ நோ ரைக்கோ கொன்ற கதை மிகப் பிரபலம். ரைக்கோவும் ஆட்களும் மலைத் துறவிகளாக வேஷம் போட்டுப் போய், அவனோடு உட்கார்ந்து குடித்து, மந்திரம் கலந்த சாக்கே என்ற அரிசி மதுவைக் கொடுத்து மயக்கி, தூக்கத்தில் தலையை வெட்டுகிறார்கள். வெட்டுப்படும்போது அந்த ஓனி, எங்கள் இனத்தில் இப்படிப்பட்ட வஞ்சகம் கிடையாதே என்று சொல்லிச் சாகிறது. வெட்டிய தலை பறந்து வந்து ரைக்கோவின் தலைக்கவசத்தைக் கவ்வுகிறது. கதை சாமுராயின் வெற்றியைப் பாடுகிறது, இருந்தாலும் கேட்கிறவர் மனதில் தங்குவது அந்தக் கடைசிக் குற்றச்சாட்டுதான். ஹகாய்மோனோவின் குரலில் அதே தொனி இருக்கிறது. அவன் கொடூரன், ஊரை அழிக்கத் தயங்காதவன், ஆனால் தன்னைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. அவனைச் சுற்றியிருக்கும் மனிதர்கள்தான் குலப் பெருமை, கடமை, மரியாதை என்று போர்த்திக்கொண்டு பேசுகிறார்கள். ககாவா இந்தக் கதையை நினைத்துத்தான் எழுதினாரா என்பது இருக்கட்டும், பழைய ஓனிக் கதைகளின் நரம்பு இந்த அத்தியாயங்களில் துடிக்கிறது.

சரி, இப்போது நரி.

என் மனக்குறை முழுவதும் யுமெகோவைப் பற்றித்தான். முதல் பாகம் ஏன் அப்படி இழுத்துக்கொண்டு போனது? அவள் தட்சுமியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே நடந்தாள். அவன் தேடும் சுருளின் துண்டு அவளிடமே இருக்கிறது, அது அவனுக்குத் தெரிந்தால் வாளை உருவிவிடுவான், அவன்மேல் அவளுக்குப் பிரியமும் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும், ஒவ்வொரு இரவுத் தங்கலிலும் அந்தப் பொய் நடுவில் உட்கார்ந்திருந்தது. நரிக் கதை என்றால் அதுதான் நரிக் கதை. ஏமாற்றுகிறவளுக்கே ஏமாற்று வலிக்க வேண்டும்.

இரண்டாம் பாகத்தில் அந்தக் கனம் போய்விட்டது. கூட நடப்பவர்களுக்கு அவள் யாரென்று தெரியும். அவளும் நல்லவள், அவர்களும் நல்லவர்கள், எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல காரியத்துக்காகப் போகிறார்கள். இலைகளை எடுத்து மாய உருவங்கள் செய்யும் அவளுடைய வித்தை இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. இலையைத் தலையில் வைத்து உருமாறும் நரியும் தனுக்கி என்ற ராக்கூன் நாயும் ஜப்பானியக் கதைகளில் ஏராளம், அந்தக் குறும்பை ககாவா ரசித்து எழுதுகிறார். ஆனால் இப்போது அந்த மாயம் எதிரிகளைக் குழப்பப் பயன்படும் ஒரு ஆயுதமாக மட்டும் ஆகிவிட்டது. நண்பனை ஏமாற்றுவதும் எதிரியை ஏமாற்றுவதும் ஒன்றா? எதிரியை ஏமாற்ற நரியாக இருக்கவேண்டிய அவசியமே இல்லையே, ஒரு கெட்டிக்கார மந்திரவாதி போதும்.

கியோகென் என்ற பழைய ஜப்பானிய நகைச்சுவை நாடக மரபில் 'சுரிகிட்சுனே' என்று ஒரு நாடகம் உண்டு. ஒரு நடிகரின் பயிற்சி குரங்கில் தொடங்கி நரியில் முடியும் என்பார்கள். சிறுவனாக இருக்கும்போது குரங்கு வேஷத்தில் முதன்முதலாக மேடையேறும் நடிகர், பயிற்சி முடிந்து நிறைவு பெறும்போது போடும் வேஷம் இந்த நரி, அவ்வளவு கடினம். தன் இனத்தையே ஒரு வேடன் பொறி வைத்துப் பிடித்துத் தீர்த்துவிட்டதால் ஒரு கிழட்டு நரி, அந்த வேடனின் மாமாவான துறவியாக உருமாறி வந்து, நரிகளைக் கொல்வது பாவம் என்று உபதேசம் செய்கிறது. வேடனும் மனம் மாறிப் பொறியைத் தூக்கி எறிந்துவிடுகிறான். வேலை முடிந்தது, நரி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். போகிற வழியில் எறிந்து கிடக்கும் பொறியில் வறுத்த எலி மணக்கிறது. அது பொறி என்று அந்த நரிக்குத் தெரியும், உறவுகளெல்லாம் அதில்தான் மாண்டன என்றும் தெரியும், இருந்தும் கால் நகர மறுக்கிறது. போவதும் திரும்புவதுமாக அந்தத் தவிப்பு மேடையில் நீண்டுகொண்டே போகும். மனித வேஷத்துக்குள் இருக்கும் மிருகம், அந்த மிருகத்துக்குள் இருக்கும் அறிவு, இரண்டும் ஒரே உடம்பில் மோதுவதைப் பார்க்கும்போது சிரிப்பும் வரும், பயமும் வரும்.

யுமெகோவுக்கு இந்தத் தவிப்பு எங்கே? அவளுடைய நரிப் பாதிக்கு எதன்மேலாவது தீராத ஆசை இருக்கிறதா? கோழி, குறும்பு, சுதந்திரம், யாரையாவது வீணாக அலையவிட்டுப் பார்க்கும் சந்தோஷம் என்று எதுவாவது அவளைத் தப்பான திசையில் இழுக்கிறதா? புத்தகம் முழுவதும் தேடினேன். அங்கங்கே ஒரு வரி வருகிறது, நரி ரத்தம் கிளர்ந்தது என்கிற மாதிரி, உடனே அவள் நல்ல முடிவையே எடுத்துவிடுகிறாள். தன் நரித்தன்மையைக் கண்டு அவள் ஒரு முறையாவது உண்மையாகவே நடுங்கியிருந்தால் நான் இந்தப் புத்தகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன்.

பாதி நரி என்ற பிறப்பே ஜப்பானியக் கற்பனையில் எவ்வளவு கனமான விஷயம் தெரியுமா? 921-இலிருந்து 1005 வரை வாழ்ந்த அபே நோ செய்மெய் என்ற புகழ்பெற்ற அரசவை ஜோதிட மாந்திரீகரின் தாய் ஒரு வெள்ளை நரி என்பது கதை. வேட்டைக்காரர்களிடமிருந்து தன்னைக் காப்பாற்றிய யசுனா என்பவனுக்காக அந்த நரி குசுனோஹா என்ற பெண்ணாக உருமாறி வந்து, குடும்பம் நடத்தி, மகனைப் பெறுகிறது. ஒருநாள் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது, அதற்குமேல் அவளால் அங்கே இருக்க முடியாது. ஏக்கம் வந்தால் இசுமியில் இருக்கும் ஷினோதா காட்டுக்கு வந்து என்னைத் தேடு என்று ஒரு கவிதையை எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். 1734-இல் பொம்மலாட்ட நாடகமாகி, பிறகு கபுகி என்ற மேடை நாடக மரபுக்கும் போன கதை இது. கபுகியில் நடிகர் ஒரு கையில் குழந்தையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் காகிதக் கதவில் எழுதுவார், இடது கையால் எழுதுவார், கடைசியில் தூரிகையை வாயில் கவ்வி எழுதுவார். மனுஷி போய் நரி திரும்பி வருவது அந்தக் கையெழுத்திலேயே தெரியும். அந்தக் குழந்தையின் இடத்தில் இருப்பவள்தான் யுமெகோ. அவளைப் பெற்றவர்கள் யார், ஏன் விட்டுப் போனார்கள் என்ற கேள்வி அவளுக்குள் எரிந்துகொண்டிருக்க வேண்டாமா? இந்தப் பாகம் அதை லேசாகத் தொட்டுவிட்டு அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறது.

ஒரு இடத்தில் மட்டும் ககாவா உண்மையான நரிப் பயத்தைக் கையில் எடுக்கிறார், அது கிட்சுனே சுகி. நரி மனித உடம்புக்குள் புகுந்து பிடித்துக்கொள்வது. இது வெறும் கதையாக இருந்த விஷயமில்லை. ஷிமானே போன்ற மேற்குப் பகுதிகளில் 'நரி வைத்திருக்கும் குடும்பம்' என்று பெயர் வாங்கிய வீடுகளோடு மற்றவர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க மறுத்தார்கள், அந்த ஒதுக்கல் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. மனநோய் வந்தவர்களை நரி பிடித்தவர்கள் என்று சொல்லி விரட்டிய வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மெய்ஜி காலத்தில் டோக்கியோவில் வேலை செய்த ஜெர்மானிய மருத்துவர் எர்வின் பேல்ஸ் இதை ஒரு நோயாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒன்றை யுமெகோ, தட்சுமியைக் காப்பாற்றுவதற்காகச் செய்யத் துணிகிறாள். ஹகாய்மோனோ ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் உடம்புக்குள் அவளும் நுழைகிறாள். ஒரே உடம்பில் மூன்று பேர். அந்த அத்தியாயங்கள் பிரமாதம். பேயின் குரலும் நரியின் குரலும் கடைசியில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன, பேய் அவளைப் பார்த்துப் பேசுவதில் இருக்கும் கூர்மைக்கு முன்னால் அவளுடைய நல்ல மனசு முதல்முறையாகச் சோதனைக்கு உள்ளாகிறது. புத்தகம் முழுக்க இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்க வைத்தது அதுதான்.

நடுப்பகுதிதான் என்னைச் சோதித்தது. நடக்கிறார்கள், ஒரு காட்டில் ஏதோ தாக்குகிறது, ஜெயிக்கிறார்கள், தூங்குகிறார்கள், நடக்கிறார்கள், இன்னொன்று தாக்குகிறது. முதல் பாகத்திலும் இதே வடிவம்தான், ஆனால் அங்கே ஒவ்வொரு பேயும் ஒரு கிராமத்தின் துயரத்தோடு வந்தது, பசிப் பேய்களான காக்கி வரும் பகுதி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கே பல யோகாய்கள், அதாவது ஜப்பானிய நாட்டார் கதைப் பேய்களும் மாய உயிர்களும், வழியில் கிடக்கும் தடைகள் மட்டும்தான். பெயர் சொல்லி, தோற்றத்தை வர்ணித்து, வெட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் கற்பனை நாடு என்று எனக்குத் தோன்றுகிறது. ஜப்பானிய யோகாய்களில் பலவற்றுக்குச் சொந்த ஊர் உண்டு. நீரில் வாழும் கப்பா என்றால் இந்த ஆற்றில் இந்த மடு, சிறகுள்ள தெங்கு என்றால் கியோட்டோவுக்கு வடக்கே குராமா மலை. டமாமோ நோ மாயே என்ற ஒன்பது வால் நரி அரசவைப் பேரழகியாக வேஷம் போட்டுப் பேரரசர் டோபாவையே நோயில் தள்ளி, கடைசியில் நாசு சமவெளியில் கொல்லப்பட்டுக் கல்லாக மாறியது. நெருங்கும் உயிர்களைக் கொல்லும் அந்தக் கல்லை டோச்சிகி மாவட்டத்தில் இன்றும் போய்ப் பார்க்கலாம். எரிமலைப் பகுதி, தரையிலிருந்து நச்சு வாயு கசிகிறது, கதையின் விஷம் அங்கிருந்து வந்ததுதான். 1689-இல் கவிஞர் பாஷோ அங்கே போனபோது தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் மணலே தெரியாத அளவுக்குச் செத்துக் குவிந்து கிடந்ததாக எழுதியிருக்கிறார். 2022 மார்ச்சில் அந்தக் கல் இரண்டாகப் பிளந்து கிடந்தபோது நரி வெளியே வந்துவிட்டது என்று உலகம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். ஒரு கல், ஒரு வாசனை, ஒரு ஊர், அதிலிருந்து ஒரு கதை. இவாகோட்டோவில் சூரியன், நிழல், நெருப்பு, நீர் என்று குலங்களும் அவற்றுக்கான பிரதேசங்களும் இருக்கின்றன, வரைபடத்தில் பார்க்க அழகு. ஆனால் ஒரு பேய் ஏன் இந்தக் காட்டில் இருக்கிறது, பக்கத்து ஊரில் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் புத்தகத்தில் பல இடங்களில் பதிலே இல்லை.

இதில் ஒரு சுவாரசியம், அந்தக் கொலைக்கல்லின் ஆவியை அமைதிப்படுத்திக் கல்லை உடைத்ததாகச் சொல்லப்படும் பதினான்காம் நூற்றாண்டுத் துறவியின் பெயர் கென்னோ. இந்தப் புத்தகத்தின் பெரிய வில்லன், பேய்களின் எஜமான் என்று பட்டம் பெற்ற ரத்த மந்திரவாதி, அவன் பெயரும் கென்னோ. தெரிந்து வைத்த பெயரோ என்னவோ, ஆனால் அந்தத் துறவியின் கதையில் இருக்கும் ஆழத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த வில்லனிடம் இல்லை. நாட்டைப் பிடிக்க வேண்டும், எல்லாரையும் அழிக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. ஹகாய்மோனோவும் அவனும் ஒப்பந்தம் பேசும் காட்சிகளில் வில்லனைவிட அவனிடம் பேரம் பேச வந்த பேய்தான் மனிதனாகத் தெரிகிறான். உண்மையில் புத்தகம் தன் வில்லனைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டது என்றுகூடச் சொல்வேன்.

யுமெகோவின் கூட்டாளிகளுக்கு வருவோம். தலைவன் இல்லாத சாமுராயான, அதாவது ரோனினான ஒகாமேயும் பிரபு வீட்டுப் பிள்ளை டைசுகேயும் எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த ஜோடி. டைசுகே முகமூடி போட்டுக்கொண்டு பாலத்தில் நின்று வருகிற வாள்வீரர்களையெல்லாம் சண்டைக்கு அழைத்தவன், பழைய கதையில் வரும் போர்த்துறவி பென்கெய் கியோட்டோப் பாலத்தில் நின்று ஆயிரம் வாள் சேர்க்கக் கிளம்பிய மாதிரி. ஒகாமே வாயைத் திறந்தால் வம்பு, கையில் எப்போதும் சாக்கே. இவர்களுக்கு நடுவே வளரும் காதலை ககாவா அவசரப்படாமல், காட்சிக்குக் காட்சி கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறார். குலமற்ற ரோனினுக்கும் பேரரசரின் உறவுக்காரனுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் அவர்களுக்குத் தடையாக இருக்கிறது, இரண்டு பேரும் ஆண்கள் என்பது கதைக்குள் பெரிய அதிர்ச்சியாகக் காட்டப்படவில்லை. அது சரியும்கூட. பதினேழாம் நூற்றாண்டிலேயே இஹாரா சைகாகு சாமுராய்களுக்கு இடையிலான காதலைப் பற்றிக் கதை கதையாக எழுதியிருக்கிறார், யாரோ இந்தக் காலத்துக்காகப் புதிதாகக் கொண்டுவந்து ஒட்டிய விஷயமில்லை. உண்மையைச் சொன்னால், யுமெகோ தட்சுமி காதலைவிட இதுதான் எனக்கு நம்பும்படியாக இருந்தது. இந்தப் பாகத்தில் பெரும்பாலும் தட்சுமி அவள் பக்கத்திலேயே இல்லை, அவனை நினைத்து அவள் திரும்பத் திரும்ப உருகுவதை மட்டும் எவ்வளவு நேரம் படிப்பது?

கோயில் பணிப்பெண் ரெய்கா படபடவென்று பேசுகிறாள், அவளுடைய காவல் நாய் சூ வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம். கோயில் வாசலில் கல்லாக உட்கார்ந்திருக்கும் கோமாயினுவுக்கு உயிர் வந்து கூடவே ஓடினால் எப்படி இருக்கும் என்ற யோசனையே அழகு. இவர்கள் இருவருக்கும் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

சுகி என்ற வேலைக்காரப் பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே செத்துப் போய், ஆவியாக, மிதக்கும் ஒளி உருண்டையாகத் தொடர்ந்து வருபவள். அவளுடைய அத்தியாயங்கள் மட்டும் 'நான்' இல்லாமல் படர்க்கையில் எழுதப்பட்டிருக்கின்றன, செத்தவளுக்கு 'நான்' என்று சொல்ல உரிமை போய்விட்ட மாதிரி, எனக்கு அந்த உத்தி பிடித்தது. ஆனால் இந்தப் பாகத்தில் அவள் பெரும்பாலும் செய்கெட்சு பிரபுவின் பறக்கும் வண்டியில் இருந்துகொண்டு நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். செய்கெட்சு எல்லாவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு, எதையும் சொல்லாமல், அடுத்த பாகத்துக்காகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். நடுப் பாகங்களுக்கே வரும் சீக்கு இது, ரகசியத்தை வைத்திருப்பவன் கதைக்குள் வேறு எதுவும் செய்யாமல் காத்திருப்பது.

கடைசிப் பகுதிக்கு வரும்போது எல்லாம் வேகம் பிடிக்கிறது. இரும்புச் சிறகுக் கோயிலும் அதைக் காக்கும் தெங்குகளும் நன்றாக வந்திருக்கிறார்கள். காக்கைச் சிறகும் நீண்ட மூக்கும் மலைத் துறவிகளின் உடையுமாக வரும் தெங்குகள் பழைய பௌத்தக் கதைகளில் கர்வம் பிடித்த துறவிகளின் மறுபிறவி, பிறகு மெல்ல மெல்ல மலையின் காவலர்களாக மாறியவர்கள். அந்த இரண்டு குணமும் இங்கே இருக்கிறது, இவர்களை நம்பலாமா கூடாதா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை, அது நல்ல விஷயம். யோகாய்களை எப்படி எழுதவேண்டும் என்று ககாவாவுக்குத் தெரியும் என்பதற்கு இந்தப் பக்கங்களே சாட்சி. முடிவு கனமாகவும் துணிச்சலாகவும் இருக்கிறது. தட்சுமிக்கும் ஹகாய்மோனோவுக்கும் நடுவே அவர் எடுக்கும் முடிவு, நல்லவன் ஜெயித்தான் பேய் தோற்றது என்று சுலபமாக முடித்துவைக்கும் வகையைச் சேர்ந்ததில்லை. அதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும்.

வாங்கலாமா என்று கேட்டால், முதல் பாகம் பிடித்தவர்கள் தயங்காமல் வாங்குங்கள், ஹகாய்மோனோவுக்காக மட்டுமாவது. முதல் பாகத்தைப் படிக்காமல் நேராக இதை எடுக்கவே கூடாது, யார் யாருக்கு என்ன உறவு, எதற்காக ஓடுகிறார்கள் என்று எதுவும் புரியாது, ஹகாய்மோனோ பேசத் தொடங்கும்போது வரும் அதிர்ச்சியும் கிடைக்காது. மாங்கா, அனிமே பார்த்துப் பழகியவர்களுக்குச் சுருள் துண்டுகள், வரம் தரும் டிராகன், பாதிப் பேய் நாயகி எல்லாமே பழகிய சரக்காகத் தெரியும், அதை எதிர்பார்த்தே போங்கள். ஆங்கிலம் எளிமையானது, பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் அகராதி இல்லாமல் படித்துவிடலாம். ஜப்பானியச் சொற்கள் நிறைய வரும், பெரும்பாலும் இடத்தை வைத்தே அர்த்தம் பிடிபட்டுவிடும். ஆனால் ரத்தம் தாராளமாகத் தெறிக்கிறது, ஹகாய்மோனோவின் அத்தியாயங்களில் கொலைகள் விரிவாகவே வருகின்றன, அதனால் பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் முன் பெற்றோர் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. நடுவில் வரும் பயணப் பகுதியில் சலிப்புத் தட்டினால் புத்தகத்தைக் கைவிட்டுவிடாதீர்கள், இரும்புச் சிறகுக் கோயில் வரைக்கும் எப்படியாவது போய்விடுங்கள்.

மூன்றாம் பாகத்தை நான் கட்டாயம் படிப்பேன். அதில் யுமெகோ ஒரே ஒரு முறையாவது தன் நரிப் புத்திக்கு இடம் கொடுத்து, தனக்குப் பிரியமான யாரையாவது ஏமாற்றி, அதற்கான விலையைக் கொடுத்தால் போதும், இந்தப் பாகத்தின் மேல் எனக்கு இருக்கும் வருத்தத்தில் பாதி போய்விடும்.